தேவதையின் கணுக்கால்

சென்னை கே.கே. நகரில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. மிஞ்சிய வீடுகளின் தோட்டத்திலோ, கார் நிறுத்தியது போக மீந்த ஓரத்திலோ வெள்ளைவெளேரென்று ஒரு கிரேக்க தேவதையை நிறுத்தும் ஆசை சிலருக்கு உண்டு. வாங்குமுன் அந்த அம்மாளின் காலைப் பாருங்கள்.

நிற்கும் பளிங்குச் சிலைகளில் பெரும்பாலும் காலை ஒட்டி ஒரு மரக்கட்டையோ, தரைவரை தொங்கும் துணியோ இருக்கும். ஃப்ளாரன்ஸில் உள்ள மெடிசி வீனஸின் காலருகே ஒரு டால்பின். எல்லாம் முட்டுக்கொடுக்கத்தான். பளிங்கு அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஒரு கன அடிப் பளிங்கு சுமார் 76 கிலோ. உடலின் பாரம் முழுக்க இரண்டு மெல்லிய கணுக்கால்களில் இறங்கினால் அங்கேதான் விரிசல் விழும்.

சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி உண்டானது பளிங்கு. ஒளி அதன் மேல்பரப்பில் கொஞ்சம் உள்ளே புகுந்து சிதறித் திரும்புவதால் கல்லுக்கு ஒரு சதைப்பற்று வந்துவிடுகிறது. கடினத்தில் மோஸ் அளவுகோலில் 3தான். கருங்கல்லுக்கு 6, 7 வரும். உளிக்கு இணங்குகிற அந்த மென்மையே வெளியில் வினையாகிறது. மழைநீரே லேசான அமிலம், வாகனப் புகை சேர்ந்தால் இன்னும் மோசம். மூக்கு, விரல்நுனி, துணிமடிப்பு எல்லாம் மெல்ல மழுங்கும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே உப்புக்காற்று அரித்திருக்கிறது, பளிங்கு எம்மாத்திரம்? தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய, கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸின் பளிங்குச் சிலை இன்று சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. மதராஸ் கவர்னராக இருந்த மன்றோவோ, வெண்கலத்தில் 1839 முதல் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் வெயில் காய்கிறார்.

கடையில் 'மார்பிள்' என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி பளிங்குத் தூளையும் ரெசினையும் கலந்து அச்சில் வார்த்தது. விலா ஓரம் விரலை ஓட்டினால் அச்சு இணைந்த கோடு தட்டுப்படலாம். உள்ளே கூடாக இருந்தால் தட்டும்போதே தெரிந்துவிடும். மழைக்கு அது தாங்கும், ஆனால் வெயிலில் மஞ்சளிக்கும்.

நிஜப் பளிங்கு என்றால், குத்துவிளக்கு துலக்கும் புளியும் எலுமிச்சையும் அதன் பக்கமே போகக்கூடாது. பாத்ரூம் ஆசிட் பட்டால் நுரைத்துக் கரையும். பாசி பிடித்தால் மெல்லிய பிரஷ்ஷும் நல்ல தண்ணீரும் போதும். உப்பான போர் தண்ணீரைச் செடிக்குப் பீய்ச்சும்போது சிலைமேல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கல்லுக்குள் படிகமாகி மேல்பரப்பை உதிர்க்கும். என்னைக் கேட்டால், தோட்டத்துக்கு மாமல்லபுரத்துச் சிற்பியிடம் கருங்கல்லில் ஒன்று சொல்லிவிட்டு, பளிங்கு அம்மாளை வராந்தாவுக்குள் ஏற்றிவிடலாம்.