பெருவிடைக் கோழியும் அதன் நிறமும்

நமது நாட்டுக் கோழி இனங்களுள் தொன்மையும் பெருமையும் வாய்ந்தது அசீல். 'கலப்பற்ற மரபு' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். தமிழ்நாட்டில் இவ்வகைப் பறவைகளைப் பெருவிடை என்றும், கட்டுச்சேவல் என்றும் வழங்குவர். நிமிர்ந்த உடல், நீண்ட கழுத்து, உறுதியான கால்கள், தலையோடு ஒட்டிய சிறு கொண்டை ஆகியவை இதன் அடையாளங்கள். நன்கு வளர்ந்த சேவல் 4 முதல் 5 கிலோவும், பெட்டை 3 முதல் 4 கிலோவும் எடை நிற்கும். முட்டையோ ஆண்டிற்கு நூற்றுக்கும் குறைவுதான். ஆயினும் அடைகாப்பதிலும் குஞ்சுகளைக் காப்பதிலும் இதன் பெட்டைக்கு நிகரான தாய்க்கோழி அரிது.

முற்காலத்தில் இவ்வினத்தின் சேவல்களைச் சண்டைக் களமே தெரிந்தெடுத்தது. வலிமையும் மூச்சும் உள்ளவையே இனவிருத்திக்கு விடப்பட்டன. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், விலங்குகளையும் பறவைகளையும் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. கொடுமை நீங்க வேண்டியது நியாயமே. ஆனால் அதனுடன் ஒரு கேள்வியும் எழுகின்றது. களம் தெரிந்தெடுத்த இனத்தை இனி யார் தெரிந்தெடுப்பது? எதைக் கொண்டு தெரிந்தெடுப்பது?

இன்று பலர் கூறும் விடை, 'நிறம்' என்பதாகும். கரிய பறவையைக் காகம் என்றும், கீரியின் மயிர்போன்ற பழுப்பு நிறத்ததைக் கீரி என்றும், பல நிறம் விரவியதை மயில் என்றும் நம் மக்கள் அழகாகப் பெயரிட்டுள்ளனர். வளைந்த அலகும் நீண்ட வாலும் உடைய கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சிகளும் நடைபெறுகின்றன. நல்ல நிறத்திற்கு நல்ல விலை கிடைக்கின்றது. இது இனத்தைக் காக்கும் வழியாகலாம். முறை தவறினால் இனத்தை அழிக்கும் வழியுமாகலாம். ஆதலின் நிறத்தின் விதிகளை வளர்ப்போர் அறிந்துகொள்வது நலம்.

நிறம் வரும் வழி

முதல் விதி சாம்பல் நிறத்தைப் பற்றியது. கருமையை நீர்க்கச் செய்யும் ஒரு மரபுக்கூற்றினால் ஒருவகைச் சாம்பல் உண்டாகின்றது. பறவையிடம் அக்கூறு ஒன்று இருந்தால் சாம்பல், இரண்டு இருந்தால் கறை தெளித்தாற்போன்ற வெளிர்நிறம், இல்லையேல் கருமை. இத்தகைய சாம்பல் சேவலைச் சாம்பல் பெட்டையுடன் சேர்த்தால், நூறு குஞ்சுகளில் ஏறக்குறைய 50 சாம்பலாகவும், 25 கருமையாகவும், 25 வெளிர்நிறமாகவும் பிறக்கும். 'இனம் கெட்டுவிட்டது' என்று மனம் வருந்தி அக்குஞ்சுகளைக் கழிப்போர் உண்டு. அவர்கள் அறிய வேண்டுவது ஒன்று: கரிய பறவையை வெளிர்நிறப் பறவையுடன் சேர்த்தால் குஞ்சுகள் அனைத்துமே சாம்பலாகும். கழித்தவையே கருவூலம்!

இரண்டாம் விதி பாலோடு தொடர்புடையது. 'தாயைப் போலப் பிள்ளை' என்பது பழமொழி. இறகில் குறுக்கு வரியுடைய பெட்டையைக் கரிய சேவலுடன் சேர்த்துப் பாருங்கள். பிறக்கும் ஆண்குஞ்சுகள் தாயைப்போல் வரியுடையனவாகவும், பெண்குஞ்சுகள் தந்தையைப்போல் வரியற்றும் வளரும். பெட்டையிடம் இவ்வரிக்கூறு ஒன்றே உண்டு. அதனைத் தன் மகனுக்கன்றி மகளுக்கு அது தருவதில்லை. ஆகவே இத்தகைய நிறங்களில், தாயின் நிறம் மகளிடம் வரவில்லையே என வியப்பதற்கு இடமில்லை.

மூன்றாம் விதி தோலின் நிறம் பற்றியது. மஞ்சள் தோல் மறைந்து நிற்கும் பண்பு. ஆதலால் வெள்ளைக்கால் பறவைகள் இரண்டிற்கு மஞ்சள்கால் குஞ்சு பிறத்தல் கூடும். மஞ்சள்கால் பறவைகள் இரண்டிற்கு வெள்ளைக்கால் குஞ்சு பிறவாது. இம்மஞ்சளுக்குத் தென்னிந்தியத் தொடர்பும் உண்டு. வீட்டுக் கோழிகளின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. எனினும் மஞ்சள் தோலுக்குரிய கூறு நம் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆயினும் கூறு மட்டும் போதாது. கீரையும் மஞ்சள் மக்காச்சோளமும் உண்ணாத பறவையின் கால் வெளிறியே இருக்கும்.

குஞ்சின் நிறத்தைக் கண்டு அவசரப்பட வேண்டாம். முதல் இறகு உதிர்ந்து, ஐந்து ஆறு திங்களில் வளரும் இறகே உண்மை நிறத்தைக் காட்டும்.

ஒற்றைச் சேவலின் ஆபத்து

விரும்பிய நிறத்தில் ஒரு சேவல் அமைந்துவிட்டால், அதனையே எல்லாப் பெட்டைகளுக்கும் விடுவது வழக்கம். பின்னர் அதன் மகள்களுக்கும் அதனையே விடுவர். நிறம் நிலைபெறும்; கூடவே கூமுட்டைகள் பெருகும்; குஞ்சுகள் நலியும். 12 பெட்டைகளுக்கு ஒரே சேவல் என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் இரத்தக் கலப்பின் நெருக்கம் ஏறக்குறைய 13½ விழுக்காடு உயரும். அதே பெட்டைகளை மூன்று சேவல்களுக்குப் பங்கிட்டால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேலாகவே உயரும். இரண்டு சேவல்களை மிகுதியாக வளர்ப்பதால் விளையும் நன்மை இவ்வளவு!

இடமில்லையே எனலாம். இராயபுரத்தைக் கருதுவோம். துறைமுகமும், இருப்புப் பாதையும், காசிமேட்டு மீன்பிடித் துறையும் சூழ்ந்த அந்நெருக்கமான பகுதியில், ஒரு மொட்டை மாடியில் ஒரு சேவலும் நான்கு பெட்டைகளுமே வசதியாக வாழும். ஆனால் மூன்று வீட்டார் கூடினால் மூன்று சேவல்களும் பன்னிரண்டு பெட்டைகளும் ஆகிவிடும். முதல் வீட்டில் பிறந்த இளஞ்சேவல் இரண்டாம் வீட்டிற்கும், இரண்டாம் வீட்டுச் சேவல் மூன்றாவதற்கும், மூன்றாம் வீட்டுச் சேவல் முதலாவதற்கும் செல்லட்டும். விடைக்கோழிகள் பிறந்த வீட்டிலேயே தங்கட்டும். வீட்டிற்கு ஒரு வண்ணமாகக் காலில் வளையம் இட்டால் குழப்பம் நேராது. பட்டணத்து மாடியில் இயலுமானால் கிராமத்துப் புழக்கடையில் இயலாதா?

சேவலை மாற்றியவுடன் முட்டைகளை அடைவைத்தலாகாது. முந்திய சேவலின் வித்து பெட்டையின் உடலில் இரண்டு மூன்று வாரம் தங்கும். மூன்று வாரம் கழிந்தபின் இடும் முட்டைகளையே சேகரிக்க வேண்டும். சேகரித்த முட்டைகளை ஏழு நாட்களுக்குமேல் வைத்திருத்தல் நன்றன்று. அடைவைத்த 21-ஆம் நாளில் குஞ்சு வெளிவரும். இளஞ்சேவல்கள் ஒன்றையொன்று தாக்கத் தொடங்கியதும் தனித்தனியே அடைத்துவிடுக.

ஆகாரமும் நோய்க்காப்பும்

கம்பு, நொய், தவிடு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றுடன் மீன்தூளும் சேர்ந்தால் சிறந்த ஆகாரமாகும். மீன் துறையை அடுத்து வாழ்வோருக்கு மீன் கிடைப்பது எளிது. ஆனால் உப்பிட்ட கருவாடு கோழிக்கு ஆகாது. உப்பிடாது உலர்த்திய மீனைத் தூளாக்கி, மொத்த ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்க வேண்டும். மிகுந்தால் முட்டையிலும் இறைச்சியிலும் மீன் வாடை வீசும். கடற்காற்றின் ஈரத்தில் பிண்ணாக்கு விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கு நஞ்சு, சிறிதும் இடலாகாது.

ராணிக்கெட் நோய் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் புகுந்தால் ஒரே வாரத்தில் கூடு வெறுமையாகிவிடும். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் ஊசியும் இடுவித்தல் இன்றியமையாதது. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை இதற்கு அணுகலாம். வடசென்னை மக்களுக்கு, 1903-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று வேப்பேரியில் விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அண்மையிலேயே உள்ளது.

தெரிந்தெடுக்கும் வரிசை

இனவிருத்திக்குப் பறவையைத் தெரிந்தெடுக்கையில் முதலில் உடல் நலத்தையும், அடுத்து இனத்திற்குரிய வடிவத்தையும், கடைசியாகவே நிறத்தையும் நோக்குக. நல்ல நிறமுடைய நோஞ்சான் சேவலைக் காட்டிலும், நிறத்தில் ஒரு மாற்றுக் குறைந்த திடமான சேவலே மேல். குறைந்த நிறத்தை இரண்டு தலைமுறையில் மீட்டுக்கொள்ளலாம். இழந்த வலிமையை அங்ஙனம் எளிதில் மீட்க இயலாது. களம் செய்துவந்த வேலையை இனி வளர்ப்போரின் அறிவும் பொறுமையும் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்தால் நமது பெருவிடைக் கோழி அழகோடும் ஆற்றலோடும் நம் பிள்ளைகள் காலத்திலும் கூவும் என்பதில் ஐயமில்லை.