கடன் வாங்கினால் பத்தா, பன்னிரண்டா?

3¼-இலிருந்து 1⅔-ஐக் கழிக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டில் இந்தக் கணக்குக்கு அடிக்கடி காணக்கூடிய தவறான விடைகள் இரண்டு: 2 5/12, 1 5/12. கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் இரண்டு விடைக்கும் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது.

மீச்சிறு பொது மடங்கு 12 என்று பிள்ளை சரியாகத்தான் கண்டுபிடித்தது. கணக்கு 3 3/12 − 1 8/12 என்று மாறியது. மூன்றில் எட்டு போகாது. உடனே ஒரு பிள்ளை எட்டிலிருந்து மூன்றைக் கழித்து 5/12 என்று எழுதுகிறது. இன்னொன்று, கடன் வாங்கினால் பத்து என்று இரண்டாம் வகுப்பிலிருந்தே பழகியதால், மூன்றைப் பதிமூன்றாக்கி எட்டைக் கழிக்கிறது. அதற்கும் 5/12 வருகிறது.

இதையே படமாகப் போடுவோம். ஒரே அளவில் நான்கு செவ்வகங்கள். அளவு மாறினால் இந்தக் கால்பாகத்தையும் அந்த மூன்றில் ஒன்றையும் ஒப்பிடவே முடியாது. ஒவ்வொன்றையும் நெடுக்கில் நான்காகவும் குறுக்கில் மூன்றாகவும் கோடு போட்டால் பன்னிரண்டு கட்டங்கள். கால் என்பது ஒரு நெடுவரிசை, 3 கட்டம். மூன்றில் இரண்டு என்பது இரண்டு குறுக்குவரிசை, 8 கட்டம். பொதுப் பகுதி எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. மூன்று முழுச் செவ்வகமும் நான்காவதில் 3 கட்டமும் வண்ணம் தீட்டுகிறோம். எட்டுக் கட்டம் எடுக்க அந்த 3 போதாது. ஒரு முழுச் செவ்வகத்தை உடைத்தாக வேண்டும். உடைத்தால் கிடைப்பது 12. பத்து என்று சொல்ல வழியே இல்லை. 12-உம் 3-உம் 15. அதில் 8 போனால் 7. மீதமிருந்த இரண்டு முழுவதில் ஒன்று போகிறது. விடை 1 7/12.

நம் பாடங்களில் பின்னம் என்றாலே வட்டத்தைத்தான் வரைகிறார்கள். வட்டத்தைச் சரியாக மூன்றாகப் பிரிக்கப் பெரியவர்களுக்கே கை வராது. நெடுக்கும் குறுக்குமாக வெட்டவும் முடியாது. இந்தக் கணக்குக்குச் செவ்வகமே உகந்தது.

எண்கோட்டில் இன்னும் சுருக்கம். கடைக்காரர் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதுபோல் 1⅔-இலிருந்து மேலே ஏறுங்கள்: இரண்டு வரை ⅓, மூன்று வரை 1, பிறகு ¼. ⅓-ஐயும் ¼-ஐயும் கூட்டினால் 7/12. கடனே வாங்கவில்லை!

தகா பின்னமாக மாற்றிச் செய்வதிலும் பிழை இல்லை: 39/12 − 20/12 = 19/12. ஆனால் விடை ஏறக்குறைய ஒன்றரை என்ற உணர்வு அதில் காணாமல் போகிறது. அந்த உணர்வுள்ள பிள்ளை 2 5/12 என்று எழுதிய கையோடு சந்தேகப்படும்.

திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தவர்களுக்கு வேறு வசதி இருந்தது. மாகாணி (1/16) என்றால் 20 முந்திரி, மா (1/20) என்றால் 16 முந்திரி. முந்திரி என்பது 1/320. மாகாணியில் மாவைக் கழித்தால் 4 முந்திரி, அதாவது ஒரு காணி. பொதுப் பகுதியைத் தேடும் வேலையை வாய்ப்பாடே முடித்துவைத்திருந்தது.

பகுதிகள் 17, 23 என்று வந்தால் கட்டம் போட்டு மாளாது. அங்கே சூத்திரம்தான் கைகொடுக்கும். அதுவரை, ஆசிரியர்களே, பெற்றோரே, பிள்ளைகளிடம் கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொடுங்கள். முதல் பத்துக் கணக்குகளையாவது வரைந்து செய்யட்டும். சூத்திரத்தை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுங்கள்.