தொன்னுக்கு ஒரு லீற்றர்

"ஏறும்போது டீசல் குடிக்குது, அது சரி அண்ணே. இறங்கும்போது அதைத் திருப்பிக் குடுக்கணுமே? ஏன் குடுக்கல்ல?"

கொட்டகலையில் டபள் கெப் ஓட்டும் ஒரு தம்பியின் கேள்வி இது. கெப்புக்குப் பின்னால் ஒரு ட்ரெய்லர் மாட்டி, அவிசாவளைப் பக்கமிருந்து அரிசி, மா, உரம் ஏற்றிவரலாமா என்று யோசிக்கிறார். டீசல் இரட்டிப்பாகும் என்று ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். இறக்கத்தில் எல்லாம் சரிக்கட்டிவிடும் என்று இன்னொருவர் தைரியம் சொல்லியிருக்கிறார். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி, கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

முதலில் டீசல். ஒரு லீற்றர் டீசலை எரித்தால் ஏறத்தாழ 36 மெகாஜூல் சக்தி கிடைக்கும். அது அப்படியே சக்கரத்துக்கு வந்து சேராது. பெரும்பகுதி சூடாகப் புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். நல்ல இன்ஜின், நல்ல ஓட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 மெகாஜூல் அளவு, சக்கரத்தைத் திருப்ப மிஞ்சும். நம்முடைய கணக்கெல்லாம் அந்த 12க்குள்தான்.

இனி மலை. 1 தொன் பாரத்தை 100 மீற்றர் உயரத்துக்குத் தூக்க, ஏறத்தாழ 1 மெகாஜூல் வேண்டும். டீசலில் அளந்தால் 80 மில்லிலீற்றர் சொச்சம். உங்கள் கையில் இருக்கிற இந்தச் சின்னக் கிளாஸ் அளவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு தொன்னுக்கு, நூறு மீற்றர் உயரத்துக்கு, ஒரு கிளாஸ். பக்கத்திலுள்ள ஹட்டன் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1262 மீற்றரில் இருக்கிறது. அவிசாவளை தாழ்ந்த நிலம். அங்கிருந்து இங்கே வர ஏறத்தாழ 1200 மீற்றர் ஏற வேண்டும். பன்னிரண்டு கிளாஸ், அதாவது ஒரு லீற்றர். கெப், ட்ரெய்லர், அரிசி மூட்டை, பின்சீட்டில் இறக்காமல் விட்ட பழைய டயர், நீங்கள், நான் என்று எல்லாவற்றையும் சேர்த்துத் தொன்னுக்கு ஒரு லீற்றர். தூக்குகிற வேலைக்கு மட்டுமே அவ்வளவு. உருட்டுகிற வேலை தனி.

சுற்றுப்பாதையில் மெதுவாக ஏறினால் இது குறையுமா என்று கேட்பீர்கள். குறையாது. உயரம் உயரம்தான், செங்குத்தாக ஏறினாலும் வளைந்து ஏறினாலும் தூக்கும் வேலை ஒன்றே. சாய்வைக் குறைப்பதால் கிடைப்பது வேறு: அந்த நேரத்தில் இன்ஜின் கொடுக்க வேண்டிய பலம் குறைகிறது. 1884இல் ஹட்டனுக்கு ரயிலைக் கொண்டுவந்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். மலைப்பாதையில் 44 அடிக்கு 1 அடி என்பதைச் சாய்வின் எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்காகவே மலையைச் சுற்றிச் சுற்றித் தண்டவாளம் போட்டார்கள். சுற்ற முடியாத இடத்தில் குடைந்தார்கள். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே உள்ள சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கும் மேல் நீளம். கொட்டகலை எண்ணெய்க் களஞ்சியத்துக்கு டீசல் அந்தத் தண்டவாளத்தில் ஏறி வந்திருக்கிறது. இரும்புச் சக்கரம் இரும்பில் உருள்கையில் தொன்னுக்கு 2 கிலோ இழுப்பு போதும். டயர் றோட்டில் உருள 12 கிலோ அளவு வேண்டும்.

அந்த 12ஐப் பிடித்துக்கொண்டு மேலே போவோம். சமதரையில் ஒரு தொன்னை உருட்ட 12 கிலோ இழுப்பு. நூறு மீற்றருக்கு 7 மீற்றர் உயரும் ஏற்றத்தில் இதற்கு மேல் இன்னும் 70 கிலோ சேர்கிறது. மொத்தம் 82. டயரில் காற்றைச் சரியாக வைத்தால் பெரிய மிச்சம் என்பார்கள். வையுங்கள், டயருக்கும் உயிருக்கும் நல்லது. ஆனால் ஏற்றத்தில் அது தொடுவது 82இல் அந்த 12ஐ மட்டும்தான். காற்றுத் தடையும் அப்படியே. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் இருப்பதைப்போல 100இல் 11 மடங்கு. அமெரிக்காவில் பிக்அப் வண்டிக்குப் பின்னால் வீடு மாதிரி உயரமான ட்ரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு, ட்ரெய்லரின் முகப்பு எவ்வளவு பெரியது என்பதே டீசல் செலவைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். கினிகத்தேனை வளைவுகளில் 30இல் ஏறுகிற உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். இங்கே பாரமும் உயரமும்தான் எல்லாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலை திருப்பிக் கொடுக்கிறதுதான், ஆனால் மூன்று விதமாகக் குறைத்துக் கொடுக்கிறது. ஏறும்போது 3 பங்கு எரித்தீர்கள், அதில் 1 பங்குதான் உயரமாகச் சேர்ந்தது. திரும்பி வரக்கூடியது அந்த 1 பங்கு மட்டும். அதுவும் டீசலாக வராது, உருளும் விசையாக வரும். சாய்வு குறைவாக இருந்தால் அந்த விசை டயரின் தடையைச் சமாளிக்கும், நீங்கள் டீசல் இல்லாமல் நகர்வீர்கள். அது உண்மையான லாபம். சாய்வு நூற்றுக்கு 7 என்றால்? அந்த 7இல் டயருக்கும் காற்றுக்கும் 2 பங்குக்கும் குறைவாகவே போகும். மிச்சம் 5க்கு மேல் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகிறது. கெப்பும் ட்ரெய்லரும் சுமையுமாக 4.6 தொன் என்றால், அப்படியான இறக்கத்தில் ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் 10 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு சூடு வெளியேறுகிறது. அதை முழுவதும் பிரேக்கில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை இந்த மலையில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் நியூட்ரலில் இறக்குவதைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. டீசல் மிச்சம் என்று நம்பிச் செய்கிறார்கள். மிச்சமே இல்லை. கியரில் இறங்கினால், இப்போதைய கொமன் ரெயில் இன்ஜின்களில் அக்சிலேட்டரை விட்டதும் டீசல் தெளிப்பதே நின்றுவிடும். சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றும், இன்ஜின் வண்டியைப் பிடிக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் தன் உயிரைக் காப்பாற்றக் கொஞ்சம் டீசல் குடித்துக்கொண்டே இருக்கும், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லொறிச் சாரதிமார் சொல்வது நூறு வீதம் சரி.

ஏறும்போது கியர் விஷயமும் உண்டு. பெரிய கியரில் இன்ஜினைத் திணறவிட்டு மிதிப்பதும் நஷ்டம், சின்ன கியரில் அலறவிடுவதும் நஷ்டம். நிமிடத்துக்கு 1500க்கும் 2500க்கும் இடைப்பட்ட சுழற்சியில், இன்ஜின் இலேசாக இழுக்கிற இடத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ 13 வீதம் குறைவு. டர்போ உள்ள வண்டி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். டர்போ இல்லாத பழைய இன்ஜினுக்கு மூச்சுக் குறையும், போதிய காற்றில்லாமல் டீசல் அரைகுறையாக எரியும். ஏற்றத்தில் பின்னால் வரும் கரும்புகை நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். நடுவில் நின்று புறப்படுவதற்கும் விலை உண்டு. அந்த 4.6 தொன்னை மீண்டும் 40 கிலோமீற்றர் வேகத்துக்குக் கொண்டுவர, ஒவ்வொரு முறையும் கால் கிளாஸுக்குச் சற்று மேல்.

தோட்டத்துக் கொழுந்து லொறியை இந்தக் கணக்கோடு ஒருமுறை பாருங்கள். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ தேயிலை எடுக்க நாலரை கிலோவுக்கு மேல் கொழுந்து வேண்டும். லொறி மேடேறிச் சுமப்பதில் பெரும்பகுதி, ஸ்டோரில் வாட்டிக் காயவைத்து ஆவியாக விடப்போகிற தண்ணீர். மழைநாளில் இலையின் மேல் ஒட்டிய தண்ணீரும் கூடவே ஏறும். ஸ்டோர்கள் மலைக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சில தோட்டங்களில் அந்தக் காலத்தில் மேல்மலைக் கொழுந்தைக் கம்பிவடத்தில் மாட்டிக் கீழே வழுக்க விட்டார்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லாமல் மலையே வேலை செய்தது. அந்த அறிவை நாம் விட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தம் உண்டு. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தண்ணீருக்கென்று கிலோ கழிக்கும்போது அது பறித்த பெண்ணின் கணக்கில் உடனே விழுகிறது. கொழுந்தை நிழலில் கொஞ்சம் வடியவிட்டு ஏற்றினால் எவ்வளவு டீசல் மிஞ்சும் என்பதையும் அதே கவனத்தோடு யாராவது எழுதிவைக்க வேண்டும்.

சரி, ட்ரெய்லர் மாட்டலாமா? கெப் 2 தொன், அதில் 1 தொன் சாமான். அவிசாவளையிலிருந்து ஏற்றத்துக்கு மட்டும் 3 லீற்றர். 2 தொன் சாமான் கொண்டுவர இரண்டு நடை, 6 லீற்றர். 600 கிலோ ட்ரெய்லரில் இன்னொரு தொன்னை வைத்து ஒரே நடையில் வந்தால் மொத்தம் 4.6 தொன், 4.6 லீற்றர். வண்டியின் மீற்றரில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பார்த்தால் ட்ரெய்லர் படுமோசமாகத் தெரியும். உங்களைப் பயமுறுத்தியவர் பார்த்தது அந்த எண்ணை. சாமானின் தொன்னுக்கு எத்தனை லீற்றர் என்று பாருங்கள்: 3 இருந்தது 2.3 ஆகிவிட்டது. உருட்டும் செலவிலும் அதே விகிதத்தில் மிச்சம். 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் கடைசியில் 460 ஆனபோது, நடைக்கணக்கை இப்படி எழுதிப் பார்த்தவர்களுக்கு எதை நிறுத்துவது, எதைச் சேர்த்து ஏற்றுவது என்று தெரிந்தது.

ஒன்றே ஒன்று. உங்கள் கெப்பின் கையேட்டில் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஓர் எடை, பிரேக் இல்லாததற்கு வேறோர் எடை போட்டிருக்கும். இரண்டாவது மிகவும் குறைவு. வாங்கப்போகும் ட்ரெய்லரில், கெப்பை அது முன்னால் தள்ளும்போது தானாகப் பிடிக்கும் பிரேக் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த 1.4 லீற்றரை மறந்துவிட்டு இரண்டு நடையாகவே போய்வாருங்கள் தம்பி.