இறால் குட்டையின் லாப நட்டத்தில் உப்புக்கு ஒரு வரி வேண்டும்

பொங்கலூரில் உட்கார்ந்துகொண்டு இறால் குட்டையைப் பற்றி எழுதுகிறேனே, நமக்கும் கடலுக்கும் என்னங்க சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கோழிப்பண்ணையில் பணம் போட்டவர்களும், பனியன் கம்பெனியை மூடிவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்பவர்களும் இப்போது கடற்கரைப் பக்கம் குத்தகை நிலம் தேடுகிறார்கள். என் பங்காளி மகன் ஒருவன் நாகை மாவட்டத்தில் ஐந்து ஏக்கரில் இறால் குட்டை போடலாமா என்று திட்ட அறிக்கையோடு வந்தான். "பெரியப்பா, பேங்க்ல எத்தனை பைல் பாத்திருப்பீங்க, இதையும் பாத்துச் சொல்லுங்க" என்றான்.

அறிக்கையில் குட்டை வெட்டும் செலவு, குஞ்சு விலை, தீவனம், மின்சாரம், கூலி, அறுவடை, விற்பனை எல்லாம் இருந்தன. கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஆனால் பக்கத்து வயல், ஊர்க் கிணறு, அலையாத்திக் காடு, வடிகால் வாய்க்கால், இவற்றில் எதற்கும் ஒரு வரி கூட இல்லை. நான் வேலையில் இருந்த காலத்திலும் கடன் மதிப்பீட்டுத் தாளில் அந்த வரி இருந்ததில்லை. அந்த வரியை நாமே போட்டுப் பார்த்தால் என்ன வருகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஏக்கர் குட்டையின் உப்பு

வனாமி இறாலை 2009 முதல் நம் நாட்டில் அனுமதியோடு வளர்க்கிறார்கள். ஒரு போகம் சுமார் மூன்றரை மாதம், வருடத்துக்கு இரண்டு போகம். குட்டையில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் என்று வையுங்கள். ஒரு ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர் வரும். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. குட்டையில் அதைக் கலந்து 15 கிராம் என்று வைத்தாலும், 40 லட்சம் லிட்டரில் 60,000 கிலோ உப்பு. 50 கிலோ மூட்டையாகச் சொன்னால் 1,200 மூட்டை உப்பை ஒரு ஏக்கரில் கொட்டி வைத்திருக்கிறோம்.

நம்ம பக்கம் டிடிஎஸ் கணக்கு எல்லோருக்கும் அத்துப்படி. சாயக் கழிவுக்கு வைத்த வரம்பு 2,100. அதைத் தாண்டிய தண்ணீர் நொய்யலை என்ன செய்தது, ஒரத்துப்பாளையம் அணையை என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாம். இறால் குட்டைத் தண்ணீர் மேலே சொன்ன கணக்குப்படி 15,000. நெல் தாங்குவது சுமார் 2,000 வரைதான், அதற்குமேல் மகசூல் இறங்க ஆரம்பிக்கும்.

குட்டையின் அடித்தரை வழியாக உப்பு கீழே கசிகிறது, கரை வழியாகப் பக்கத்து வயலுக்கு ஊறுகிறது, அறுவடையின்போது திறந்துவிடும் தண்ணீர் வடிகாலில் போகிறது. உப்பைக் குறைக்க ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீரை உறிஞ்சினால், அந்த வெற்றிடத்தில் கடல் நீர் உள்ளே ஏறுகிறது. அதாவது மேலேயிருந்தும் உப்பு, கீழேயிருந்தும் உப்பு.

"சுனாமியில் வந்த உப்பையே மீட்டோமே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நம்மாழ்வார் ஐயாவும் டெல்டாவின் இயற்கை உழவர்களும் நாகை வயல்களில் கடல் சேற்றை உழுது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி, மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்து, நிலத்தைத் திரும்ப விளைச்சலுக்குக் கொண்டு வந்தார்கள். அந்த உப்பு ஒரு நாளில் வந்தது, அடுத்த மழையில் போக வழியிருந்தது. குட்டை உப்பு அப்படியில்லை. போகத்துக்குப் போகம் புதிதாக வருகிறது. வருகிற உப்பு நிற்காதவரை தக்கைப்பூண்டு என்ன செய்யும்?

தீவனக் கணக்கு

இரண்டாவது வரி தீவனம். ஏக்கருக்கு 2 டன் இறால் எடுக்கச் சுமார் 3 டன் தீவனம் வேண்டும் என்று வைப்போம். 35 சதவீதம் புரதம் உள்ள தீவனத்தில் தழைச்சத்து 5.6 சதவீதம், ஆக 168 கிலோ. அறுவடையாகும் இறாலில் வெளியே போவது 60 கிலோ அளவுக்குத்தான். மீதி 108 கிலோ தழைச்சத்து தண்ணீரிலும் சேற்றிலும் நிற்கிறது. யூரியாவாகச் சொன்னால் ஐந்து மூட்டைக்கு மேல். நாம் வயலில் ஒரு கைப்பிடி யூரியா போடக்கூடாது என்று சங்கம் வைத்துப் பேசுகிறோம். அங்கே ஒரு போகத்தில் ஒரு ஏக்கரிலிருந்து ஐந்து மூட்டை கழிமுகத்துக்குப் போகிறது.

கழிமுகத்தில் அது பாசியாகப் பெருகும். பாசி செத்து மக்கும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். அலையாத்தி வேருக்கு நடுவில் முட்டை பொரித்து வளரும் மீன் குஞ்சும், நண்டும், காட்டு இறாலும் அங்கே மூச்சுவிட முடியாது. கூடவே நோயும் போகிறது. 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் ஆந்திரா, தமிழ்நாட்டுக் குட்டைகளை வரிசையாகக் காலி செய்தது. ஒரு குட்டை திறந்துவிடும் தண்ணீரைத்தான் அடுத்த குட்டை உறிஞ்சுகிறது என்னும்போது நோய் பரவ வேறு வழி எதுக்கு?

நீதிமன்றம் போட்ட கணக்கு

இந்தக் கணக்கை முப்பது வருடத்துக்கு முன்பே ஒருவர் போட வைத்தார். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். அவரும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, கீழ்த்தஞ்சையில் நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தவர்கள். தொண்ணூறுகளில் அதே வட்டாரத்தில் நெல் வயல்கள் இறால் குட்டையாக மாறின. நடவு, களை, அறுப்பு என்று வேலை தந்த நிலத்தில் காவலுக்கு ஓரிரு ஆள் போதும் என்றானது. குடிதண்ணீர் உப்பானது. எண்பது வயதில் ஜெகந்நாதன் ஐயா சத்தியாகிரகம் இருந்தார், 1994இல் உச்ச நீதிமன்றம் போனார்.

நாக்பூர் நீரி ஆராய்ச்சி நிறுவனத்தை நேரில் பார்த்து அறிக்கை தரச் சொன்னது நீதிமன்றம். இறால் பண்ணை தரும் வருமானத்தைவிட, அது சூழலுக்கும் மக்களுக்கும் செய்யும் சேதம் ஆந்திராவில் 4 மடங்கு, தமிழ்நாட்டில் ஒன்றரை மடங்கு என்று அந்த மதிப்பீடு சொன்னது. ஒரு ரூபாய் சம்பாதிக்க ஊர் ஒன்றரை ரூபாய் இழக்கிறது. எந்த வங்கி அதிகாரியும் இந்த பைலில் கையெழுத்துப் போடமாட்டார், அந்த ஒன்றரை ரூபாய் தாளில் தெரிந்தால்.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது தீர்ப்பளித்தார்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள், அதாவது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள், இறால் குட்டை கூடாது. இருப்பதை 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும். சில்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் கூடாது. விளைநிலம், உப்பளம், அலையாத்திக் காடு, சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் எதையும் குட்டையாக மாற்றக் கூடாது. சேதப்படுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில் வேலூர் தோல் கழிவு வழக்கில் இதே நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்ன கொள்கைதான் இது. அந்த வழக்கையொட்டி அமைந்த இழப்பீட்டு ஆணையம் பின்னாளில் நம்ம நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் கணக்கெடுத்தது. நாகையும் வேலூரும் திருப்பூரும் ஒரே நூலில்தான் கோர்த்திருக்கின்றன.

பிறகு என்ன நடந்தது? மறுஆய்வு மனுக்கள் போயின, தடைகள் வந்தன. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. புதிய பண்ணைக்கு 500 மீட்டர் என்பது 200 மீட்டர் ஆனது. கடற்கரை மண்டல அறிவிக்கையின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டு எழுதினார்கள். 2023 திருத்தத்தில், பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டுப் பண அபராதமாக்கினார்கள். அபராதம் என்பது பெரிய பண்ணைக்கு இன்னொரு செலவுத் தலைப்பு, அவ்வளவுதான். 2020இல் வந்த வேளாண் பாதுகாப்பு மண்டலச் சட்டத்தின் தடைப் பட்டியலிலும் எண்ணெய், எரிவாயு, தோல் ஆலை எல்லாம் இருக்கின்றன, இறால் குட்டை இல்லை.

ஓடுள்ள எல்லாம் ஒன்றல்ல

இதனால் கடலில் எதையும் வளர்க்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிப்பி, மட்டி, கேரளத்தில் சொல்லும் கல்லுமேக்காய் இவற்றுக்குத் தீவனமே வேண்டாம். தண்ணீரில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்கின்றன. இறால் குட்டை தழைச்சத்தை உள்ளே கொட்டுகிறது, சிப்பி வளர்ப்பு அதை வெளியே எடுக்கிறது. காசர்கோடு படன்னையில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கயிற்றில் கல்லுமேக்காய் வளர்த்துக் குடும்பம் நடத்துகிறார்கள். ராம்சார் தளமான அஷ்டமுடி ஏரியில் மட்டி எடுப்பவர்கள் வலைக் கண் அளவு, குஞ்சு மட்டியை விடுவது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்து, 2014இல் இந்தியாவிலேயே முதலாவதாக எம்எஸ்சி சான்று வாங்கினார்கள்.

அதிலும் அளவு உண்டு. ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டினால் சிப்பியின் கழிவு அடியில் படிந்து மண் கறுத்து நாறும். இடத்துக்குச் சம்பந்தமில்லாத இனம் வந்தால் இன்னும் ஆபத்து. எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்று சொல்லும் தென்னமெரிக்கச் சிப்பி, யாரும் வளர்க்காமலே, கப்பல் வழியாக வந்து பாய் விரித்தாற்போல அடித்தரையை மூடிவிட்டது. உள்ளூர் மட்டிக்கும் இறாலுக்கும் தரையில் இடமில்லை. நம்ம காட்டில் பார்த்தீனியம் வந்ததுபோலத்தான்.

இறாலையும் நெல்லையும் சேர்த்து வளர்க்கும் வழியும் உண்டு. கேரளத்துப் பொக்காளி வயலில் ஜூனில் மழை உப்பைக் கழுவியதும் மேட்டில் நெல் விதைக்கிறார்கள். அக்டோபருக்கு மேல் கதிரை மட்டும் அறுத்துவிட்டுக் கடல் தண்ணீரை உள்ளே விடுகிறார்கள். அலையோடு வரும் இறால் மக்கும் தாளில் வளர்கிறது, இறால் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். வெளித்தீவனமும் இல்லை, உரமும் இல்லை. 1996 தீர்ப்பே இப்படிப்பட்ட பாரம்பரிய முறைகளுக்கு விலக்குக் கொடுத்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் போடுகிறவரானாலும் சரி, ஊர்க்காரரானாலும் சரி, கையில் டிடிஎஸ் மீட்டர் ஒன்றோடு இவற்றைக் கேளுங்கள்.

நிலம் இதற்கு முன் என்னவாக இருந்தது? நெல் வயலா, உப்பளமா, அலையாத்தியா? பழைய அடங்கலும் வரைபடமும் எடுங்கள். வெளிநாட்டு ஏஎஸ்சி சான்றுகூட 1999 மேக்குப் பிறகு அலையாத்தியை அழித்துப் போட்ட பண்ணைக்குக் கிடையாது.

உயர் அலைக் கோட்டுக்கும் குட்டைக்கும் எவ்வளவு தூரம்? சரணாலயத்துக்கு எவ்வளவு? கோடியக்கரைச் சரணாலயமும் முத்துப்பேட்டை அலையாத்தியும் சேர்ந்து 2002 முதல் ராம்சார் தளம். பிச்சாவரம் 2022 முதல்.

விளைநிலத்துக்கும் குட்டைக்கும் இடையில் மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர், குடிநீர் ஆதாரத்துக்கு 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். அளந்து பார்த்தீர்களா? இயற்கை வடிகாலை மறித்திருக்கிறார்களா?

திறந்துவிடும் தண்ணீர் எங்கே போகிறது? 5 ஹெக்டேருக்கு மேல் கழிவுநீர்க் குட்டை கட்டாயம். 40 ஹெக்டேருக்கு மேல் சூழல் தாக்க மதிப்பீடு வேண்டும். 39 ஹெக்டேர் வீதம் நாலு பண்ணை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தனித்தனியாக எதற்கும் மதிப்பீடு தேவைப்படாது, ஆனால் கழிமுகம் ஒன்றுதான். மொத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

குட்டை வருவதற்கு முன்பே சுற்றுக் கிணறுகளின் டிடிஎஸ்ஸை எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை, தேதியோடு, கிணற்றின் பெயரோடு. நொய்யலில் பலருக்கு ஈடு கேட்கும்போது இடித்தது இதுதான்: கெடுவதற்கு முன் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட அவர்களிடம் தாள் இல்லை. அனுமதிக்குப் பரிந்துரைக்கும் மாவட்டக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான், அதற்குமேல் புதுப்பிக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானமும் இந்த நோட்டும் அந்த மேசைக்குப் புதுப்பிக்கும் முன்பே போய்ச் சேர வேண்டும்.

பங்காளி மகனின் அறிக்கையில் இந்த வரிகளைச் சேர்த்தோம். ஐந்து ஏக்கருக்கு 300 டன் உப்பு, ஒரு போகத்துக்கு 25 மூட்டைக்கு மேல் யூரியா அளவு தழைச்சத்து, ஒரு பக்கம் நெல் வயல், 60 மீட்டரில் ஊர்க் கிணறு. அவன் அந்த இடத்தை விட்டுவிட்டான். ஆனால் அந்த நிலம் அங்கேயேதான் இருக்கிறது, வேறு ஒருவர் அதே அறிக்கையோடு வருவார். அந்த ஊர் உழவர்களிடம் கிணற்று நோட்டு இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அடுத்த கணக்கு முடிவாகும். டெல்டாவில் நம்ம இயக்கத்தோடு தொடர்பில் இருக்கும் நண்பர்கள் இந்த ஐப்பசி மழைக்கு முன்பே முதல் அளவை எடுத்து எழுதிவிடுங்கள்.