ரீச்சர், பிள்ளை வளர்ந்திடுவாள்!

வலிகாமத்துப் பாடசாலையொன்றில் உடற்கல்வி படிப்பித்தவள் நான். நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளையின் பெயரை வலைப்பந்தாட்ட அணிக்கு எழுதினால் போதும், அடுத்த நாள் தாய் வந்து நிற்பார். "ரீச்சர், பிள்ளை ஏற்கெனவே வளர்த்தி. இன்னும் துள்ளினால் மாப்பிள்ளைக்கு நாங்கள் எங்க போறது?" எல்லோருக்கும் என் பதில் ஒரு பெயர்தான்: தர்ஜினி சிவலிங்கம்.

புன்னாலைக்கட்டுவனில் 1979இல் பிறந்தவர். உயரம் 208 சென்ரிமீற்றர். இலங்கை வலைப்பந்தாட்ட அணியில் கோல் ஷூட்டராக ஆடியவர். 2009, 2018, 2022 என மூன்று முறை ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் இருந்தார். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில லீக்கிலும் ஆடினார்.

"அந்த உயரம் இருந்தால் ஆரும் கோல் போடலாம்" என்று சந்தியில் நின்று சொல்வோர் ஒருநாள் கோல் வட்டத்துக்குள் நின்று பார்க்கட்டும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில். கூடைப்பந்தாட்டம் போலப் பின்னால் பலகை கிடையாது. பட்டுத் தெறித்து விழும் அதிர்ஷ்டமும் கிடையாது. பந்து கைக்கு வந்து மூன்று செக்கனுக்குள் விட்டுவிட வேண்டும். மறிப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நின்றுதான் கை நீட்டலாம் என்பது விதி. ஆகவே தூக்கிய கையில் பந்து சேர்ந்துவிட்டால் தர்ஜினியை ஒன்றும் செய்ய ஏலாது. எதிரணிக்கு இது தெரியாதா? பந்து வருமுன்பே இருவர் முன்னும் பின்னும் நெருக்கி நிற்பார்கள். அவர்களை இடிக்காமல், பிடித்த இடத்தையும் விடாமல், உச்சியில் வரும் பந்தை விரல் நுனியால் எடுப்பதுதான் வித்தை. எடுத்த பிறகு பதற்றமே இல்லை. மணிக்கட்டு மெல்ல மடியும், வலை அசையும்.

2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் இலங்கைக்கு 16 அணிகளில் 15ஆவது இடம். தோற்கிற அணியின் ஷூட்டருக்குப் பந்து வருவதே அருமை. அப்படியிருந்தும் தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர்தான்: 348. வெற்றிக் கிண்ணங்களைவிட இந்தக் கணக்கைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 2023இல் கேப்டவுன் உலகக் கிண்ணத்தில் ஆடியபோது வயது 44. எங்கள் பிள்ளைகளோ ஓ.எல். சோதனையோடு சப்பாத்தைக் கழற்றிவிடுகிறார்கள்.

பெற்றோரே, பின்னேர ரியூசனை ஒரு மணி நேரம் பிந்தி வையுங்கள். பிள்ளை மைதானத்தில் நிற்கட்டும்.