வண்டிக்கும் உண்டு நிலைப்படி

எங்கள் அரும்பாவூர்ப் பக்கம் புது வீட்டுக்கு நிலை வைப்பது தனி விசேஷம். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து நிறுத்துவார்கள். அன்றிலிருந்து அதன் கீழ்ச்சட்டமான நிலைப்படியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. “தாண்டிப் போ, மிதிக்காதே” என்று பாட்டி அதட்டுவாள். மகாலட்சுமி குடியிருக்கும் இடம் என்பாள். தெருவிலிருந்த ஆசாரி எனக்குச் சொன்ன காரணம் வேறு. “ரெண்டு காலையும் பிடிச்சு வச்சிருக்கிறது அந்தப் படிதான் தம்பி. அது தொய்ஞ்சா கதவு பிடிக்கும்.”

காருக்கும் ஜீப்புக்கும் அப்படியொரு நிலைப்படி உண்டு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் விளிம்பு அது. பச்சைமலை அடிவாரத்தில் கல் பாதைகளில் வண்டி ஓட்டுபவர்கள் இன்று அந்த விளிம்புக்குக் காவலாக இரும்புக் குழாய் பூட்டுகிறார்கள். ராக் ஸ்லைடர் என்று அதற்குப் பெயர். அன்று யாருக்கும் தேவைப்படாத இந்தப் பொருள் இன்று ஏன் தேவைப்படுகிறது, அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை இந்த மலைப்பாதையில் வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அன்று இங்கே ஓடியது மாட்டு வண்டி. ஒரே அச்சு, ஆளின் மார்பளவுக்கு உயர்ந்த இரண்டு சக்கரங்கள். முன்னும் பின்னும் சக்கரம் இருந்தால்தானே நடுவயிறு மேட்டில் தட்டும்? வண்டியில் கல்லோடு உரசியது சக்கரம் மட்டும்தான். அதற்கும் காவல் இருந்தது. வட்டை மரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா. கொல்லர் அதை வட்டமாக வறட்டி அடுக்கிய நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார். இரும்பு சுருங்கி, ஆரக்கால்களையும் வட்டையையும் குடத்தோடு இறுக்கிப் பிடிக்கும். பிறகு ஆண்டுக்கணக்கில் தேய்வது இரும்புதான், மரம் அப்படியே இருக்கும். தேய்ந்ததும் பட்டாவை மாற்றிக்கொள்ளலாம். அடியை வாங்கும் பொருள் வண்டியின் உடம்பாக இருக்கக் கூடாது, கழற்றி மாற்றக் கூடியதாக இருக்க வேண்டும். காவல் என்பதன் முதல் பாடத்தை நம் கொல்லுப்பட்டறை அன்றே கற்றிருந்தது.

அடுத்து வந்தது ஜீப். இரண்டாம் உலகப் போருக்காகச் செய்யப்பட்ட வில்லீஸ் ஜீப்பை 1947-இல் மகிந்திரா நிறுவனம் மும்பையில் பூட்டத் தொடங்கியது. அந்த ஜீப்பில் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர். அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஏறக்குறைய 22 சென்டிமீட்டர். கதவே கிடையாது. கனமான சேஸிஸ் சட்டத்தின் மேல் தொட்டி மாதிரி ஒரு தகட்டு உடம்பு, அவ்வளவுதான்.

மர வேலைக்குப் பேர்போன ஊர்க்காரனாக எனக்கு அந்த ஜீப்பில் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அதன் தரைத்தகட்டுக்கு அடியில் நீளவாட்டில் ஓடிய தகட்டுத் தாங்கிகளுக்குள்ளே மரச்சட்டம் வைத்திருந்தார்கள். தகடு நசுங்காமல் இருக்க மரம் தாங்கியது. ஆனால் உள்ளே இறங்கிய தண்ணீரை அந்த மரம் குடித்து வைத்துக்கொண்டது. ஈரம் வெளியேற வழியில்லாமல் தகடு உள்ளிருந்தே துருவேறியது. பழைய ஜீப்பைப் புதுப்பிப்பவர்கள் இன்றும் முதலில் தட்டிப் பார்க்கும் இடம் அதுதான். தாங்குவது ஒரு வேலை என்றால், நீரை வெளியே விடுவது இன்னொரு வேலை. இது இரண்டாவது பாடம்.

அந்த ஜீப்புகளின் பக்கவாட்டுத் தகடு நெளிந்தால் யாரும் கவலைப்படவில்லை. ஒருவர் உள்ளே மரக்கட்டையை வைத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியே சுத்தியலால் தட்டுவார். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். கதவு இல்லாத வண்டிக்குக் கதவு பிடிக்குமோ என்ற பயமும் இல்லை.

இன்றைய கதை வேறு. 2020 அக்டோபர் 2-ஆம் தேதி வந்த மகிந்திராவின் புதிய தார் வண்டியில் அச்சிடைத் தூரம் 2450 மில்லிமீட்டர். 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு ஜிம்னியில் 2590. 2024 ஆகஸ்டில் வந்த தார் ராக்ஸில் 2850. தரையிலிருந்து உயரமோ தாரில் 226 மில்லிமீட்டர், ஜிம்னியில் 210. எழுபது எண்பது ஆண்டுகளில் வண்டி ஒன்றரை முழத்துக்கு மேல் நீண்டிருக்கிறது. உயரம் மட்டும் கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே நிற்கிறது. வரப்பின் மேல் சிறு பலகையைக் குறுக்கே தள்ளிப் பாருங்கள், பிறகு நீளப் பலகையைத் தள்ளிப் பாருங்கள். எது நடுவில் தட்டும் என்று தெரிந்துவிடும். ஓடைக்கரை ஏறும்போதும் பாறை தாண்டும்போதும் இன்றைய வண்டியில் தட்டுவது கதவுக்குக் கீழே உள்ள அந்த நிலைப்படிதான்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வண்டி வாங்கிய புதிதில், ஒரு கடையில் பளபளவென்றிருந்த எவர்சில்வர் குழாய்ப் படியைப் பூட்டிக்கொண்டேன். ஏறி இறங்க வசதி, பார்க்கவும் அழகு. மலையாளப்பட்டிக்கு அப்பால் ஓர் ஓடையைக் கடக்கையில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தது. மெல்லிய குழாய் மேல்நோக்கி மடங்கி, விளிம்புத் தகட்டுக்குள் அமுங்கியது. பின்கதவு திறக்கவே இல்லை. அந்தக் குழாய் இல்லாதிருந்தால் பாறை கீறியிருக்கும், அவ்வளவுதான். காவல் என்று நான் நம்பிப் பூட்டியதே வண்டியைக் குத்தியது. ஆசாரி சொன்ன வாக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. கால் வைக்கும் படி வேறு, பாரம் தாங்கும் நிலைப்படி வேறு.

ஆகவே வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இது எதில் பிடிக்கிறது?” என்பது. உடம்புத் தகட்டில் திருகாணி போட்டுத் தொங்குவது படி. சேஸிஸ் சட்டத்தில் பூட்டி நிற்பதே ஸ்லைடர். தார், ஜிம்னி, பொலேரோ, கூர்க்கா எல்லாம் தனிச் சேஸிஸ் உள்ள வண்டிகள், அவற்றுக்கு இது பொருந்தும். சேஸிஸும் உடம்பும் ஒன்றாகவே அமைந்த கார்களில் அந்த விளிம்பே முதுகெலும்பு. தரையடியில் பேட்டரி வைத்த மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு வேலியும் அதுவே. அவற்றில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ கூடவே கூடாது.

இரண்டாவது, கனம். பட்டறையில் ஒன்றரை அங்குலக் குழாய் என்று கேட்டால் வருவதன் வெளிவிட்டம் 48 மில்லிமீட்டர். அதில் ஏ கிளாஸ் 2.9, பி கிளாஸ் 3.2, சி கிளாஸ் 4 மில்லிமீட்டர் தடிமன். பி கிளாஸுக்குக் குறைந்து போகாதீர்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைத்தால் கிளம்பும் புகை வேலை செய்பவரின் நெஞ்சைக் கெடுக்கும், கறுப்புக் குழாயே போதும். பக்கத்துக்கு மூன்று தாங்கிகளாவது வேண்டும். ஒவ்வொன்றும் சேஸிஸில் சேருமிடத்தில் 5, 6 மில்லிமீட்டர் பட்டைத்தகடு அகலமாக அமர வேண்டும். அப்போதுதான் அடி ஒரே புள்ளியில் இறங்காமல் பரவும்.

பூட்டும்போது வண்டி சமதரையில் தன் நான்கு சக்கரங்களிலும் நிற்கட்டும். வெல்டிங்கை விட போல்ட் எனக்கு உகந்தது, பட்டாவைப் போலக் கழற்றி மாற்றலாம். சேஸிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளைப் பயன்படுத்துங்கள். அதன் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் புதுத் துளை போடாதீர்கள், பாரம் அதிகம் இழுக்கும் இடம் அது. பிரேக் குழாய், டீசல் குழாய், ஒயர் எல்லாம் சேஸிஸ் ஓரமாகவே ஓடும் என்பதை மறக்க வேண்டாம். வெல்டிங் வைத்தே ஆக வேண்டுமென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் பிடியை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

ஸ்லைடருக்கும் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். உடம்பு ரப்பர் புஷ் மேல் அசைவது, அசையும்போது இடிக்கக் கூடாது. குழாய் சற்று வெளிப்புறமாக மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் பாறையும் மரத்தூரும் வண்டியை வெளியே தள்ளிவிடும். முனைகளை மூடுங்கள், அடியில் நீர் வடிய இரண்டு மூன்று துளை விடுங்கள். வில்லீஸின் மரச்சட்டம் சொல்லித் தந்த பாடம் இது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. முன்பக்கக் கம்பித் தடுப்புகளை அகற்றச் சொல்லி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. எனவே வேலைக்கு முன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், சந்தை நாளில் நம் கடைவீதி எவ்வளவு குறுகல் என்று நமக்குத் தெரியும். வண்டியின் அகலத்தைத் தாண்டி நீட்டும் இரும்பு, நடந்து போகும் ஒருவரின் முழங்காலைத்தான் முதலில் தேடும். நம் வண்டிக்குக் காவல் அடுத்தவர் காலுக்கு ஆபத்தாகக் கூடாது.

அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை மரத்தின் ரேகை பார்த்து உளி வைக்கும் கைகள் இங்கே இன்றும் இருக்கின்றன. பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அது மரத்திலிருந்து இரும்புக்கு வர வேண்டும், அவ்வளவே.

நிலை வைத்து முடித்ததும் ஆசாரி கதவைப் பாதி திறந்து கையை எடுத்துவிடுவார். கதவு தானாக ஓடாமல் விட்ட இடத்திலேயே நின்றால் நிலை நேராக இருக்கிறது என்று பொருள். புது ஸ்லைடர் பூட்டிய அன்று நானும் அதைத்தான் செய்தேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஸ்லைடருக்கு நடுவில் ஜாக்கி வைத்து, பக்கத்துச் சக்கரம் தரையை விடும்வரை தூக்கினேன். குழாய் வளையவில்லை. அந்த நிலையில் கதவைத் திறந்து இரண்டு விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.