ஆடியவரே நடுவரானார்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய களர் நிலத்தில் நாங்கள் கிரிக்கெட் ஆடும்போது, ஆடத் தெரியாதவனையே நடுவராக நிறுத்துவது வழக்கம். சென்ற ஆண்டு ஓர் எல்.பி.டபிள்யூ. தீர்ப்பால் இரண்டு தெருக்காரர்கள் மாதக்கணக்கில் முகம் பார்க்கவில்லை. நடுவர் பணி அவ்வளவு எளிதானதா? இதற்கு விடையாக ஒரு தமிழரின் வாழ்வைச் சொல்லலாம்.

அவர் எஸ். வெங்கட்ராகவன். 1945-இல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1965-இல், பத்தொன்பது வயதில், சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்டில் ஆடினார். அதே தொடரில் டில்லியில் ஒரே இன்னிங்சில் 72 ரன்களுக்கு 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளையும் இங்கிலாந்தையும் அவர்கள் மண்ணிலேயே வென்ற அணியின் துணைத்தலைவர் அவரே. 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் எடுத்து, 1983-இல் கடைசி டெஸ்டை ஆடினார். பிறகு நிர்வாகியாகவும் அணி மேலாளராகவும் இருந்தார்.

இத்தனை புகழுக்குப் பின் ஓய்ந்திருக்கலாம். ஆனால் 1993 ஜனவரியில், நாற்பத்தேழு வயதில், கல்கத்தா டெஸ்டில் வெள்ளை அங்கி அணிந்து நடுவராக நின்றார். 2004 வரை 73 டெஸ்டுகளுக்குத் தீர்ப்புச் சொன்னார். ஆடியதைவிட நடுவராக நின்றதே அதிகம்!

எல்.பி.டபிள்யூ. கேள்வி எழும்போது நடுவர் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியதா? ஆட முயன்றவரின் காலில் பட்ட இடம் ஸ்டம்புகளுக்கு நேராக இருந்ததா? கால் தடுக்காவிட்டால் பந்து ஸ்டம்பைத் தாக்கியிருக்குமா? மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய ஏறத்தாழ அரை விநாடியே ஆகும். அதற்குள் கண் கண்டதை மனம் கணக்கிட வேண்டும். பந்து எப்படித் திரும்பும் என்பதைத் தம் விரல்களாலேயே அறிந்தவருக்கு அந்த அனுபவம் துணை நின்றிருக்கும் என்பதில் ஐயமில்லை.

கண்ணுக்கு எல்லை உண்டு. சார்பு என்ற சந்தேகமும் உண்டு. ஆகவே 1992-இல் தொலைக்காட்சி நடுவர் வந்தார். 1994 முதல் டெஸ்டில் ஒரு நடுவர் பொது நாட்டவராக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2002-இல் இருவருமே அப்படி என்று விதி மாறியது; அவ்வாண்டு அமைந்த உயர்மட்ட நடுவர் குழுவில் வெங்கட்ராகவனும் இடம்பெற்றார். 2003-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

என் தாய் உப்பு சுமப்பவர். கூடைக் கணக்கில்தான் கூலி. எண்ணுபவர் ஒரு கூடையை விட்டுவிட்டால் அம்மாவுக்கு நட்டம்; ஒன்று கூட்டினால் முதலாளிக்கு நட்டம். "இரண்டு பக்கமும் நம்புற ஆளுதான்டா எண்ணணும்" என்பார். சுமந்து பழகியவர் எண்ண நின்றால் சண்டையே வராது என்றும் சொல்வார். நடுவருக்கும் இலக்கணம் இதுவன்றோ?

நண்பர்களே! அடுத்து நடக்கும் துறைகளுக்கிடையேயான போட்டியில், ஆடத் தெரியாதவனைத் தேட வேண்டாம். நன்றாக ஆடிய மூன்றாமாண்டு மாணவர் இருவர் விதிநூலைப் படித்துவிட்டு நடுவராக நிற்கட்டும். உடற்கல்வி ஆசிரியர் அவர்களும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.